மிஸ் லேதமின் கொலைகாரன்

ஐவி டஃப்னெல், ஒப்பனை நாற்காலியில் உட்கார்ந்திருந்த புது நடிகனின் முகவாயைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினாள். இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். பிறகு கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்துவிட்டாள்.

"உங்க முகத்துல நான் செய்யறதுக்கு ஒண்ணுமே இல்லையேங்க," என்றாள்.

"காதுக்குப் பின்னாடி அழுக்கு இருந்தா துடைச்சு விடுங்க," என்றான் அவன். "சும்மா அனுப்பினா உங்களுக்கும் மரியாதையா இருக்காது."

இரண்டாம் உலகச் சண்டை முடிந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. லண்டனுக்கு மேற்கே இருந்த அந்தப் படப்பிடிப்புக் கூடத்தில் யோக்கியமான மனிதர்களைக் கொலைகாரர்களாக மாற்றுவது ஐவியின் வேலை. புருவத்தைத் தடிப்பாக்கி, கன்னத்தை ஒட்டவைத்து, கண்ணுக்கடியில் கருப்பைத் தீற்றி எடுப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். இவன் விஷயத்தில் எல்லாம் முன்பே நடந்து முடிந்திருந்தது. இடது புருவத்திலிருந்து கன்னம் வரை ஒரு தழும்பு. மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வாயின் ஒரு ஓரம் கீழே இழுத்துக்கொண்டு நின்றது. வாலிபத்தில் மலைச்சரிவில் மோட்டார் சைக்கிளில் இறங்கும்போது ஒரு கல்சுவரில் போய் மோதியிருக்கிறான். "சுவருக்கு ஒண்ணும் ஆகலை," என்பான், யாராவது கேட்டால்.

பெயர் வில்ஃப் ஓல்ட்ராய்ட். யார்க்‌ஷயர்க்காரன். ஸ்கார்பரோ கடற்கரையில் ஒரு நடன அரங்கின் வாத்தியக் குழுவில் சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருந்தவன். அவன் முகத்தைப் பார்த்தால் ஆடுகிற ஜோடிகளுக்குக் கால் பின்னுகிறது என்று குழுத்தலைவர் அவனை டிரம்முக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார். விடுமுறைக்கு வந்த ஒரு சினிமா இயக்குநர் மனைவியோடு முன்வரிசையில் இருந்தபோது, தனியாக வாசிக்கும் முறை வந்து வில்ஃப் எழுந்து நின்றான். இயக்குநரின் மனைவி கையிலிருந்த ஐஸ்கிரீம் நழுவி மடியில் விழுந்தது. இயக்குநர் மடியைப் பார்க்கவில்லை, மேடையைத்தான் பார்த்தார். மறுநாள் காலை வில்ஃப் தங்கியிருந்த அறைக் கதவைத் தட்டினார்.

அந்த முதல் படத்தில் அவன் கழுத்தை நெரிக்க வேண்டிய கிழவியாக நடித்தவள் மிஸ் லேதம். சிறு வயதிலிருந்து மேடையில் வாழ்ந்தவள். குருவி மாதிரி உடம்பு, கோயில் மணி மாதிரி குரல். காட்சிக்கு முன்னால் அவளைவிட வில்ஃபுக்குத்தான் நடுக்கம் அதிகம் என்பதை ஐவி பவுடர் டப்பாவோடு ஓரமாக நின்று பார்த்தாள்.

"இதுக்கு முன்னாடி யாரையாவது கொன்னிருக்கியா, கண்ணா?" என்றாள் மிஸ் லேதம்.

"இல்லீங்க."

"அப்ப சும்மா முறைச்சா போதும். சாகறதை நான் பார்த்துக்கறேன்."

படம் ஓடியது. அதற்குப் பிறகு வில்ஃபுக்கு ஓய்வில்லை. மிஸ் லேதமை ரயிலில் கொன்றான், ஒரு பெரிய மாளிகையின் நூலகத்தில் கொன்றான், குளியல் தொட்டியில் கொன்றான். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அவளிடமிருந்து உலர்பழக் கேக் ஒன்று வந்துவிடும். பெட்டியின் மேல் 'என் அருமைக் கொலைகாரனுக்கு' என்று எழுதியிருக்கும். தபால்காரர் அதை எட்ட நின்றே நீட்டிவிட்டு வேகமாகப் போய்விடுவார்.

ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவே வில்ஃப் வர்ணக் கிடங்குக்குப் பின்னால் போய் சாக்ஸபோன் வாசிப்பான். மெதுவான நடனப் பாட்டுகள்தான். ஆணி அடித்துக்கொண்டிருக்கும் தச்சர்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிடுவார்கள். ஐவி தன் சாண்ட்விச்சை எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்காரத் தொடங்கினாள். கொஞ்ச நாளில் இரண்டு பேருக்குமாகச் சேர்த்துக் கொண்டுபோனாள்.

"ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்குச் சாப்பிட வா," என்றாள் ஒருநாள். "அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"என் முகத்தைப் பத்திச் சொன்னியா?"

ஐவி யோசித்துப் பார்த்தாள். உண்மையிலேயே அவளுக்கு நினைவு வரவில்லை. "மறந்துட்டேன்," என்றாள். வில்ஃப் வெகுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. ஐவி சமையலறையில் உருளைக்கிழங்கைத் திருப்பிக்கொண்டிருந்ததால் மணி அடித்ததும் அம்மாதான் கதவைத் திறந்தாள். திறந்த வேகத்திலேயே மூடினாள். முந்தின வாரம்தான் அவள் வில்ஃப் கொலை செய்கிற படம் ஒன்றைப் பார்த்திருந்தாள்.

"யாரு வேணும்?" என்று தபால் போடும் துவாரத்தின் வழியாகக் கேட்டாள்.

"உங்க பொண்ணுங்கம்மா."

உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பிறகு, "நான் போலீஸைக் கூப்பிடப் போறேன்."

"கூப்பிடுங்கம்மா. அதுவரைக்கும் இந்தப் பெட்டியை மட்டும் உள்ள வாங்கி வெச்சுக்கறீங்களா? சாக்ஸபோன். நனைஞ்சா பாழாயிடும். நான் இங்கயே நிக்கறேன்."

கதவு ஒரு பெட்டி நுழையும் அளவுக்குத் திறந்தது. பெட்டி உள்ளே வந்தது, கதவு மூடிக்கொண்டது. அம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். தாழ்வாரத்தில் கரண்டியோடு நின்ற ஐவி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"இவனாடி?"

"இவர்தாம்மா."

அம்மா பெருமூச்சு விட்டுக் கதவைத் திறந்தாள். "தலையைத் துவட்டிட்டு வந்து உக்காரு. இறைச்சி ஆறிப்போகுது."

கல்யாணத்துக்குப் பிறகு வில்ஃபின் பெரிய கட்சிக்காரி ஐவியின் அம்மாதான். இறைச்சிக் கடையில் யாராவது குசுகுசுவென்று பேசினால், "என் மாப்பிள்ளை தெருவுல பூனை படுத்திருந்தாலும் சுத்திக்கிட்டுப் போறவர், தெரிஞ்சுக்கங்க," என்று சண்டைக்குப் போவாள். வில்ஃபுக்கு ஜனங்கள்மேல் வருத்தம் கிடையாது. பஸ்ஸில் ஒரு பெண் அவனைக் குடையால் அடித்தாள். அடித்த வேகத்தில் கீழே விழுந்த அவள் பொட்டலத்தை இவன் எடுத்துக் கொடுத்தான். வாங்கிக்கொண்டு மறுபடியும் அடித்தாள். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். கோடையானால் ஸ்கார்பரோவுக்குப் போய்ப் பழைய குழுவோடு வாசிப்பான். இப்போது அவனை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். சினிமாக் கொலைகாரனைப் பார்க்கவென்றே கூட்டம் வந்தது.

ஆனாலும் மனசுக்குள் ஒரு ஆசை இருந்தது. தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஒருநாள் சொன்னான். "ஒரே ஒரு படத்துல நல்லவனா வந்து பார்க்கணும், ஐவி."

அடுத்த வருஷமே அது வந்தது. ஒரு இளம் இயக்குநர் அவனைக் கிராமத்துப் பாதிரியாராக நடிக்கக் கூப்பிட்டார். பொட்டல்வெளியில் வழி தவறிப்போன ஒரு சின்னப் பையனைக் கண்டுபிடித்து வீடு சேர்க்கிற பாதிரியார். வில்ஃப் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழகினான். மட்டன் துண்டைத் தவிர வேறெதற்கும் அசையாத பூனை எழுந்து வெளியே போனது.

ஐவி இந்த ஒரு படத்துக்குத் தானே ஒப்பனை செய்வேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். விடியும் முன்பே எழுந்து மெழுகாலும் பசையாலும் அந்தத் தழும்பை மூடினாள். மூக்கை நேராக்கினாள், வாயோரத்தைத் தூக்கிக் கட்டினாள். முதல்நாள் ஒப்பனை முடிந்ததும் வில்ஃப் கண்ணாடியைப் பார்த்தான்.

"யாரு இது?"

"நீ பைக்கை எடுக்கறதுக்கு முன்னாடி இருந்த ஆளு."

ஆகஸ்டில் படம் ஸ்கார்பரோவுக்கு வந்தது. மழை பிடித்த ஒரு மத்தியானம், கடற்கரைக்குப் போக முடியாத விடுமுறைக் கூட்டமெல்லாம் தியேட்டரில் நிறைந்துவிட்டது. வாத்தியக் குழு முழுவதும் கோட்டும் டையுமாக வந்து பால்கனியில் உட்கார்ந்தது. வில்ஃபும் ஐவியும் நடுவில்.

பாதிரியார் பையனைக் கண்டுபிடிக்கிற காட்சி வந்தது. பனிமூட்டத்திலிருந்து வில்ஃப் வெளிப்பட்டான். மண்டியிட்டான். பையைத் துழாவி ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினான்.

"அதை வாங்காதடா கண்ணு," என்று கீழேயிருந்து ஒரு பெண் அலறினாள்.

நாலைந்து தலைகள் திரும்பின. பிறகு தியேட்டரே சிரித்தது. அதோடு படம் கெட்டது. பாதிரியார் வந்தாலே சிரிப்பு. கடைசியில் அவர் தேவாலயத்தில் நின்று பிரசங்கம் செய்யும்போது, "யாராவது போய் நிலவறையில பொணம் கிடக்கான்னு பாருங்கப்பா," என்றது ஒரு குரல். டிரம்காரர் சண்டைக்கு எழுந்தார். வில்ஃப் அவர் கோட்டைப் பிடித்து உட்கார வைத்தான்.

வெளியே வந்து கடலைப் பார்த்த ஒரு கூரையடியில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். ஐவி பொரித்த மீனும் கிழங்கும் வாங்கி வந்து மடியில் பிரித்தாள். மீன்மேல் தெளித்த காடியின் வாசம் மழையோடு கலந்து அடித்தது. வில்ஃப் தொடவில்லை.

"அந்தப் பொம்பளை விளையாட்டுக்குச் சொல்லலை, ஐவி. நிஜமாவே அந்தக் குழந்தைக்காகப் பயந்துட்டா."

"ம்."

"அந்தப் பையன்கிட்ட மிட்டாயை நீட்டறப்போ நான் என்ன நினைச்சேன்னு தெரியுமா? நமக்கு ஒண்ணு பொறந்திருந்தா..."

அவன் நிறுத்திக்கொண்டான். ஐவி கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சை அவர்கள் இரண்டு பேரும் விட்டுப் பல வருஷமாகியிருந்தது. காகிதத்தைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு அவன் கையை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நான்தான் கெடுத்தேன்," என்றாள் பிறகு. "தழும்போட விட்டிருக்கணும். மூடினதும் எதையோ மறைக்கிற ஆள் மாதிரி ஆயிட்டே."

"நீ என்ன செய்வே. நான்தான் அந்த ஆள் எப்படி இருப்பான்னு பார்க்க ஆசைப்பட்டேன்."

அதற்குப் பிறகு வந்த கொலைகாரன் வேஷங்களையெல்லாம் வில்ஃப் வேண்டாம் என்றான். சாக்ஸபோனே போதும் என்றான். ஆனால் நடன அரங்குகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. இளசுகளுக்குக் கிட்டார்தான் வேண்டும். கல்யாணங்களில் வாசித்தான், மற்ற நாளெல்லாம் வீட்டில் இருந்தான். கடைக்குப் போனால் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டான். குடையடி வாங்கிச் சிரித்த மனிதன் எங்கே போனான் என்று ஐவிக்குத் தெரியவில்லை. கேட்டாலும், "நல்லாத்தானே இருக்கேன்," என்பான்.

அடுத்த வசந்தத்தில் ஐவி வேலை செய்த ஒரு படத்தில் மிஸ் லேதம் நடித்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல் கழுத்து நெரிபட்டுச் சாகும் வேஷம். படப்பிடிப்பு முடிந்து வந்தவளின் காலரைத் தளர்த்திய ஐவி திடுக்கிட்டாள். கழுத்தில் இரண்டு பக்கமும் விரல்விரலாக நீலம் பாரித்திருந்தது.

"வில்ஃப் வீட்டுலதானே இருக்கான்?" என்றாள் மிஸ் லேதம். "ஒரு டாக்ஸி கூப்பிடு."

வேஷத்தைக்கூடக் கலைக்காமல் ஐவியோடு கிளம்பிவிட்டாள். வில்ஃப் அடுப்படியில் அலமாரி ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தான். மிஸ் லேதம் உட்கார்ந்தாள், கழுத்துத் துணியை அவிழ்த்தாள்.

"இதைப் பாரு, கண்ணா."

வில்ஃபின் கையிலிருந்த திருப்புளி மேஜையில் விழுந்தது. "யாரு செஞ்சது?"

"புதுசா வந்திருக்கானே, அந்தக் கொலைகாரன். நல்ல பையன்தான். ஆர்வக்கோளாறு. காட்சி சரியா வரலையாம், நாளைக்கு மறுபடி நெரிக்கப் போறான்."

"இயக்குநர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். வேற யாரு இருக்காங்கன்னு கேட்டாரு. எனக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன் இருக்கான், ஆனா அவன் நல்லவனா ஆயிட்டான், வர மாட்டான்னேன்."

வில்ஃப் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "உங்களுக்குத் தெரியாதுங்க. அன்னிக்கு அந்தத் தியேட்டர்ல..."

"ஐவி சொன்னா. கஷ்டமாத்தான் இருந்திருக்கும்." கிழவியின் குரல் சற்றுத் தணிந்தது. "ஆனா அவங்க பார்த்தது திரையில, கண்ணா. உன் கைக்குள்ள கழுத்தைக் கொடுத்தவ நான். இத்தனை படத்துல ஒரு தடவை என் காலர் கசங்கியிருக்கா? நான் பாட்டுக்குக் கண்ணை மூடிக்கிட்டு நிம்மதியா சாவேன். எனக்கு எண்பது ஆகப்போகுது. இந்த வயசுல கண்டவன் கையில சாக முடியாது."

வில்ஃப் அடுப்புப் பக்கம் போனான். துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து கொண்டுவந்தான். கீழே மண்டியிட்டு, அந்த நீலத்தின்மேல் மெதுவாக ஒற்றி எடுத்தான். மிஸ் லேதம் முகத்தை நிமிர்த்திக் காட்டிக்கொண்டு குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஐவி உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றுகொண்டாள்.

"காலையில எத்தனை மணிக்கு வரணும்?" என்றான் வில்ஃப்.

மறுநாள் அவன் முகத்தில் ஐவி வெறும் பவுடரை மட்டும் ஒற்றினாள். விளக்குகள் எரிந்தன. வில்ஃப் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து வந்த விதத்தில் விளக்குப் பிடித்திருந்தவனே ஓரடி பின்வாங்கினான். கிழவி அலறினாள், துவண்டாள், சாய்ந்தாள். நிறுத்துங்கள் என்று இயக்குநர் சொன்ன பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. எல்லோரும் பதறி ஓடினார்கள்.

"என்ன அவசரம்," என்றாள் மிஸ் லேதம், கண்ணை மூடியபடியே. "இருங்க, இப்பத்தான் சௌகரியமா இருக்கு."

வில்ஃப் சிரித்தான். அப்படிச் சிரித்து வருஷம் திரும்பப் போகிறதே என்று ஐவி நினைத்துக்கொண்டாள். அந்தப் படம் வந்தபோது இருவரும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். முன்னாலிருந்த பெண்கள் முகத்தைப் பொத்திக்கொண்ட இடத்தில் அவன் அவள் பக்கம் குனிந்து, "அந்தக் கட்டை விரலைப் பாரு, கழுத்துல பட்டுதா பாரு," என்றான், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினவன் மாதிரி.

தலை முழுக்க நரைக்கும்வரை வில்ஃப் வில்லனாகவே நடித்தான். நல்லவன் வேஷம் பிறகு ஒருவரும் கொடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. மிஸ் லேதம் ஒரு நாள் மத்தியானம் தேநீர் குடித்துவிட்டுத் தூங்கியவள் தூக்கத்திலேயே போய்விட்டாள். "தேவாலயத்துல அவருதான் வாசிக்கணும்னு அத்தை சொல்லிக்கிட்டே இருந்தாங்க," என்று அவள் அண்ணன் மகள் தொலைபேசியில் சொன்னாள்.

அடக்கத்தன்று தேவாலயத்தில் பாட்டு முடிந்து ஜனங்கள் உட்கார்ந்ததும் வில்ஃப் எழுந்து சவப்பெட்டியின் பக்கத்தில் போய் நின்றான். சிலர் அவனை அடையாளம் கண்டுகொண்டார்கள். பின்வரிசையில் லேசாக ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது. அவன் மெதுவான நடனப் பாட்டு ஒன்றை வாசித்தான். நடுவில் ஓரிடத்தில் மூச்சு உடைந்தது. காத்திருந்து மறுபடி எடுத்தான். முன்வரிசையிலிருந்த ஒரு சின்னப் பெண் அம்மாவின் மடியிலிருந்து இறங்கிப் போய் அவன் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அம்மா அதைக் கூப்பிடவில்லை.

வாசித்து முடித்துக் குழந்தையை அதன் இடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு, வில்ஃப் வந்து ஐவியின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கடைசிச் சுரம் கொஞ்சம் இறங்கிப்போச்சு, இல்லே?" என்றான் காதோடு.

"கொஞ்சம்தான்," என்றாள் ஐவி, கைக்குட்டையை அவனிடம் நீட்டி.