வாசலில் நின்ற சம்பூர்ணம்

எங்கள் குடும்பத்தில் வெற்றிலை பாக்கு மாற்றிய பிறகு யாரும் பேச்சு மாறியதில்லை. என் தகப்பனார் காலத்திலும் அப்படித்தான், என் காலத்திலும் அப்படித்தான்.

எழுபத்திரண்டில் என் மகள் செல்விக்குக் கல்யாணம். தாம்பூலப் பைகளைப் பழவேற்காட்டு மாதர் சங்கத்திடம் தைக்கக் கொடுத்தேன். காகிதப் பை கிழிந்து, வந்தவர்கள் ரோட்டில் தேங்காய் பொறுக்குவது என் வீட்டுக்கு அழகல்ல. சங்கத் தலைவி சம்பூர்ணம் புது மாதிரியாக ஒன்று செய்து காட்டினாள். அடியில் மீன்வலைப் பின்னல், மேலே கட்டம் போட்ட கைத்தறித் துணி, வெற்றிலை கசங்காமல் இருக்க உள்ளே தனி மடிப்பு.

"சுறாவே கிழிக்காத பின்னல் நைனா. தேங்காயா கிழிக்கப்போவுது? இது சங்கத்துக்கு மொத வேலை. நல்லபடியா முடிஞ்சா நாலு ஊட்டுல கூப்புடுவாங்க."

தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண்கள் பை மூட்டைகளை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஊத்துக்கோட்டையிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா சுப்பராயன் அவர்களை உற்றுப் பார்த்தார்.

"இன்னா சம்பந்தி, ஒருத்தி நெத்தியிலயும் பொட்டு இல்ல! தாலி அறுத்தவங்க கைபட்ட பையிலயா சுமங்கலிக்குத் தாம்பூலம்? திருப்பி அனுப்புங்க."

கடலில் புருஷனைப் பறிகொடுத்தவர்கள் என்று தெரிந்துதான் வேலை கொடுத்திருந்தேன். கல்யாண வீட்டிலிருந்து பை திரும்பினால், அதன் பிறகு எவரும் அவர்களைக் கூப்பிடப்போவதில்லை. சம்பூர்ணம் மூட்டையைக் கீழே வைக்காமல் என்னையே பார்த்தாள்.

"இவங்களுக்கும் வெத்தல பாக்கு வெச்சேன், உங்களுக்கும் வெச்சேன்" என்றேன். "இத திருப்பலாம்னா அதையும் திருப்பலாம். எதுன்னு நீங்களே சொல்லுங்க சம்பந்தி."

என் மனைவி லட்சுமியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் தாயார் முத்தம்மா ஒரு பையில் தேங்காயைப் போட்டு ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மா இருங்க மாமா! போன தையில உங்க ஊட்டுக் கல்யாணத்துல குடுத்தீங்களே பேப்பர் பை, அந்தத் தேங்கா டிரைவர் காலாண்ட உருண்டு பஸ்ஸே நின்னுபோச்சு. ஊத்துக்கோட்டையே சிரிச்சுது. எனக்கு இந்தப் பைதான் வேணும்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கடைசியில் சுப்பராயனும் சிரித்தார்.

ஆனால் நான் அதோடு விடவில்லை.

"சம்பூர்ணம், நாளைக்கு வாசல்ல நின்னு தாம்பூலம் நீதான் குடுக்கணும்."

"நானா? பந்தல் வாசல்லயா நைனா?"

"பின்ன, உன் வேலையப் பத்திக் கேக்கறவங்களுக்கு நானா பதில் சொல்லிக்கினு நிப்பேன்?"

மறுநாள் வெளுத்த புடவையில் வந்து நின்றாள். பையை வெறுமனே கொடுக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் குலுக்கிக் காட்டிக் கொடுத்தாள். வரிசை நகரவே இல்லை.

"அடியே, பஸ் போயிடும்டி, சீக்கிரம் குடு!" என்று லட்சுமியம்மாள் கத்தினாள்.

"போவட்டும்மா, அடுத்த பஸ்ல போவாங்க!"

வேப்பம்பட்டுக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். "ஆவணியில என் பொண்ணுக்குக் கல்யாணம். இதே பை கெடைக்குமா?"

நான் சம்பூர்ணத்தைக் கைகாட்டினேன். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆவணியா? செஞ்சிடலாம். ஆனா வாசல்ல எங்காளு ஒருத்தி நிப்பா. சம்மதமா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் பந்தல் தோரணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சம்மதம்மா" என்றார்.