அஞ்சு கிலோ ஏத்திட்டு வாங்க

நீச்சல் கற்றுத்தரும் அவளுக்கு மார்பைக் கொஞ்சம் எடுப்பாக்கிக்கொள்ள ஆசை. உடம்பிலிருந்தே கொழுப்பை எடுத்து அங்கே வைப்பார்கள் என்று கேள்விப்பட்டு, அண்ணியைத் துணைக்கு இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

டாக்டர் வயிற்றையும் தொடையையும் கிள்ளிப் பார்த்தார். "எடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையேம்மா!"

அண்ணி சட்டென்று எழுந்து தன் இடுப்பைக் காட்டினாள். "எங்கிட்ட நிறைய இருக்கு டாக்டர். எடுத்து இவளுக்கு வைங்க!"

"அவங்கவங்க கொழுப்புதான் அவங்கவங்களுக்கு ஒத்துக்கும். நீங்க உடம்புல அஞ்சு கிலோ ஏத்திட்டு வாங்கம்மா. வைக்கிறதுலயும் கொஞ்சம் கரைஞ்சுடும், நல்லா யோசிச்சுக்கோங்க."

லிஃப்டில் இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"உன் கொழுப்பெல்லாம் வாயிலதான்டி இருக்கு. அதை எடுக்கச் சொல்லியிருக்கணும்," என்றாள் அண்ணி.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முதல்ல ஏத்துவோம் அண்ணி, மத்ததை அப்புறம் பாப்போம்."

எதிரே இருந்த கேக் கடைக்குள் இருவரும் ஓடினார்கள்.