பதினெட்டுக் குழிக்கும் ஒரே நோட்டு

முதல் குழிக்கான மேட்டில் பந்தை வைத்துவிட்டு, என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டினார். பெரிய மட்டையைக் கேட்கிறார். நான் கொடுக்கவில்லை. எங்கள் மகள் ஆன்சியின் பழைய கெமிஸ்ட்ரி நோட்டைப் பிரித்து, அவர் கைப்பட எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டினேன்.

“ஒண்ணாம் குழி. பெரிய மட்டை ஆகாது. ரெண்டு பக்கமும் முள்ளு. அஞ்சாம் நம்பர் மட்டையில கற்பூர மரத்தப் பாத்து மெதுவா.”

“தெரியும் புள்ள. நாந்தான எழுதுனேன்.”

“அப்ப எழுதுனபடி ஆடுங்க.”

அவர் பெயர் சில்வஸ்டர். ஊட்டிக்கு வெளியே இருக்கும் கோல்ஃப் மைதானத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கேடி வேலை. மற்றவர்களின் மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே நடந்து, எந்தக் குழிக்கு எந்த மட்டை, காற்று எப்படி, எங்கே போட்டால் பந்து கிடைக்கும், எங்கே போட்டால் அதோடு மறந்துவிட வேண்டும் என்று சொல்பவர். அவர் சொல் தப்பாது என்று மெம்பர்கள் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அந்தப் புல்லில் அவர் சொந்தமாக ஆடுவது வருஷத்துக்கு ஒரே ஒரு நாள்தான். கேடிகளுக்கென்று கிளப் ஒதுக்கும் அந்தத் திங்கட்கிழமையில் ஜெயிக்கிறவர் அடுத்த ஒரு வருஷம் முழுக்க எந்த வார நாளிலும் மதியத்துக்கு மேல் ஆடிக்கொள்ளலாம். கோப்பையை விட அவருக்கு அதுதான் வேண்டும். தூக்கத்தில்கூட அதைத்தான் கேட்டார் என்று சொன்னால் மிகையில்லை.

குறைந்த அடியில் முடிப்பவர்தான் ஜெயிப்பார். போன இரண்டு வருஷமும் தரணிதரன் என்ற கேடியிடம் ஒரே ஒரு அடி கூடப் போய்த் தோற்றார். இரண்டு தடவையும் காரணம் ஒன்றேதான். மற்றவர்களுக்கு “ஆசப்படாதீங்க சார்” என்று சொல்கிற மனுஷன், தன் கையில் மட்டை வந்ததும் வானத்தைப் பார்த்து வீசுவார். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம் துள்ளி. அதனால்தான் இந்த வருஷம், பதினெட்டுக் குழிக்கும் அவர் மற்றவர்களுக்குச் சொல்வதை அப்படியே எழுதி வாங்கினேன். ஸ்கூல் ஆபீஸில் லீவு போட்டேன். பையையும் நானே தூக்கினேன். பதினைந்து வயசுப் பிள்ளையை முதுகில் சுமப்பது போல இருந்தது. இதைத்தான் தினமும் சுமக்கிறார், ஒரு நாளாவது வாயைத் திறந்து சொன்னாரா என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

நோட்டு வேலை செய்தது. நாலாம் குழி கீழே பள்ளத்தில், கைக்கெட்டும் தூரம்போலத் தெரியும். “பள்ளத்துக் காத்து பொய் சொல்லும், ஒரு படி பெரிய மட்டையா எடு” என்று இருந்தது. எடுத்தார், பந்து குழிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. ஏழாவதில் சீகைத் தோப்பைச் சுற்றிக்கொண்டு பாதை வளைகிறது. தோப்புக்கு மேலேயே தூக்கி அடிக்க அவருக்குக் கை அரித்தது. “சுத்திப் போ. தோப்புக்குள்ள போன பந்தும் கோயமுத்தூருக்குப் போன மருமகனும் சீக்கிரம் திரும்பறதில்ல” என்று வாசித்தேன். அதை எழுதியபோது நன்றாகத்தான் சிரித்திருப்பார், இப்போது சிரிக்கவில்லை. பன்னிரண்டாவதில் தோடர் எருமைகள் ஆறேழு நடுப்பாதையில் படுத்திருந்தன. “எருமை எந்திரிக்கற வரைக்கும் நில்லு. கத்துனா இன்னும் நல்லாப் படுத்துக்கும்.” கால் மணி நேரம் நின்றோம். அதற்குள், எங்களோடு சேர்ந்து ஆடிய தரணிதரன் கொண்டுவந்த வர்க்கியையும் தின்று முடித்தோம். நல்ல பையன். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகிறது. பெண்டாட்டியைக் கூட்டி வரவில்லை, தானே பை சுமந்தான்.

பதினாறு குழி முடிந்தபோது என் வீட்டுக்காரர் தரணிதரனைவிட ஒரு அடி குறைவாக ஆடி முன்னால் இருந்தார்.

பதினேழாவதில் டாக்டர் சார் வந்து சேர்ந்துகொண்டார். எழுபது வயசு, ரிடையர் ஆனவர். அவருடைய பையைத்தான் இவர் பன்னிரண்டு வருஷமாக வாரம் ஐந்து நாள் சுமக்கிறார். ஆட்டத்தைப் பார்க்கவென்றே ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு நடந்து வந்திருந்தார். தரணிதரன் நாலு அடியில் முடித்தான். இவருடைய மூன்றாவது அடியில் பந்து உருண்டு உருண்டு, குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. இனி ஒரு தட்டு தட்டினால் போதும், இவருக்கும் நாலு.

“எடுத்துடு, எடுத்துடு!” என்றார் டாக்டர் சந்தோஷமாக.

அது அவர் தினமும் சொல்வது. தன் பந்து குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் போட்டதாகவே கணக்கு, சில்வஸ்டர் குனிந்து எடுத்துத் துடைத்துக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு வருஷத்துப் பழக்கம். இவரும் குனிந்தார், பந்தை எடுத்தார், இடுப்பில் தொங்கிய துண்டில் துடைத்து டாக்டரிடம் நீட்டினார்.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

“அய்யய்யோ,” என்றார் டாக்டர். “நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்.”

“அண்ணா, விடுங்க. நான் பாக்கவே இல்லீங்,” என்றான் தரணிதரன்.

“பாத்த தம்பி. அடையாளம் வெக்காம எடுத்தாச்சு. ஒரு அடி தண்டம்.” பந்தை இருந்த இடத்திலேயே வைத்துத் தட்டினார். ஐந்து. இரண்டு பேரும் சமம். எனக்கு டாக்டரின் மேல் ஸ்வெட்டரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் அவரே அழுதுவிடுவார்போல இருந்தார்.

கடைசிக் குழி. நேர் எதிரே மஞ்சள் பூ பூத்த முள்ளுப்புதர், ஒரு பள்ளம் முழுக்க. அதைத் தாண்டினால் ஒரு மேடு, மேட்டுக்குப் பின்னால் குழி. இங்கிருந்து கொடிகூடத் தெரியாது. இடது பக்கமாகச் சுற்றி இரண்டு அடியில் போவது ஒரு வழி. நேராக ஒரே அடியில் தாண்டுவது இன்னொரு வழி. புதரில் விழுந்தால் கதை முடிந்தது. தரணிதரன் இடது பக்கம் அழகாகப் போட்டான்.

என் வீட்டுக்காரர் கையை நீட்டவில்லை. “படி புள்ள,” என்றார். குரலே இறங்கியிருந்தது.

படித்தேன். “பதினெட்டாம் குழி. டாக்டர் சாருக்கு இது எட்டாது. முட்டி வலி வேற. இடது பக்கம் போட்டு ரெண்டா எடுக்கச் சொல்லு.”

இன்னொரு தடவை மனசுக்குள் படித்தேன். பிறகு பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். நாலாவதில், சாருக்கு மூச்சு வாங்கும். ஏழாவதில், சார் கைக்கு உயரம் வராது. காலையிலிருந்து நான் வாசிக்காமல் தாண்டிப்போன வரிகள் அவை. பதினெட்டுப் பக்கத்திலும் டாக்டர்தான் ஆடிக்கொண்டிருந்தார். இவர் ஒரு பக்கத்திலும் இல்லை. எழுது என்றால் தனக்கென்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை இந்த மனுஷனுக்கு. எனக்குச் சிரிப்பு வந்தது.

“ஏனுங்க, டாக்டருக்கு எட்டாதுன்னு போட்டிருக்குது. உங்களுக்கு?”

அவர் புதரைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். கொஞ்சம் புல்லைக் கிள்ளிப் பறக்கவிட்டார். போன இரண்டு வருஷமும் வீசியபோது அவர் எதையும் பார்த்ததில்லை.

“எட்டும்,” என்றார்.

“எனக்கு எட்டாதுதாம்மா,” என்றார் டாக்டர் பின்னாலிருந்து. “இருபது வயசுலயும் எட்டியிருக்காது.”

நோட்டை மூடிப் பைக்குள் போட்டேன். பெரிய மட்டையை உருவி அவர் கையில் கொடுத்தேன்.

அடித்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பந்து மஞ்சள் பூவுக்கெல்லாம் மேலே ஏறி, வெயிலில் ஒரு தடவை மின்னி, மேட்டின் விளிம்பை ஒட்டி மறைந்தது. தாண்டியதா, விளிம்பில் பட்டுப் புதருக்குள் திரும்பி விழுந்ததா, நின்ற நாலு பேருக்கும் தெரியவில்லை. அதற்குள் இவர் ஓட ஆரம்பித்துவிட்டார். மட்டையைக் கீழே போட்டுவிட்டு, கையிலும் தோளிலும் ஒன்றுமில்லாமல், ஒத்தையடிப் பாதையில், நாற்பத்தெட்டு வயசு மனுஷன். மேட்டு உச்சியில் போய் நின்று, அந்தப் பக்கம் குனிந்து பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் தூக்கி வீசி என்னவோ கத்தினார். காற்று பேச்சைக் கொண்டுபோய்விட்டது.

“என்ன சொல்றாருங்க?” என்றான் தரணிதரன்.

நான் பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, மேட்டைப் பார்த்து ஓடினேன்.