சேவைத் துறையில் என் மாப்பிள்ளை

1

இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல, என் தலையில் கட்டப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதப் பத்திரிகை நடத்தும் ஒருவர் வந்து, "வளர்ந்த நாட்டுப் பொருளாதாரத்துல என்னென்ன முக்கியத் துறைகள் இருக்குன்னு ஒரு கதையா எழுதிக் கொடுங்க சார். பாடமா போட்டா பசங்க தூங்கிடுறாங்க" என்றார். முடியாது என்று சொல்லிப் பழகாத நாக்கு. சரி என்றுவிட்டேன். அந்தச் சரியால் ஒருவருடைய வேலை இப்போது ஆடிக்கொண்டிருக்கிறது.

முதல் தொடக்கம்:

ஒரு நாட்டில் ஓர் உழவர் இருந்தார். அவர்

(அவரை அங்கேயே நிறுத்திவிட்டேன். வளர்ந்த நாட்டில் நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் உழவர் இரண்டு பேர் தேறுவார்கள், மிஞ்சிப்போனால் மூன்று. அவர்களைப் பார்க்க ரயிலேறிப் போனேன். ஜன்னலுக்கு வெளியே கோதுமை ஓடியது, ஓடியது, ஆளைக் காணோம். கடைசியில் ஒரு டிராக்டர். அதிலும் ஆள் இல்லை. கையசைத்துப் பார்த்தேன். மரியாதை தெரிந்த டிராக்டர், விளக்கை ஒருமுறை அணைத்துப் போட்டது.)

இரண்டாம் தொடக்கம்:

ஒரு நாட்டில் ஒரு தொழிற்சாலை இருந்தது. அதில் வேலை செய்த ஒரே ஆள்

(இவரை நேரில் பார்த்தேன். இயந்திரக் கைகள் சலவை இயந்திரங்கள் செய்துகொண்டிருந்தன. இவர் பாவம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். ஓர் இயந்திரக் கை டப்பாவை மூடி, திருகாணி போட்டு, வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டது. நம்பினால் நம்புங்கள்.)

நிலம் முதல் துறை. ஆலை இரண்டாம் துறை, கட்டட வேலையையும் சேர்த்தால் அந்த நூறில் இருபத்தைந்து பேர் தேறலாம். மிச்சம் எழுபது, எழுபத்தைந்து பேர் எங்கே போனார்கள்? மூன்றாவதான சேவைத் துறைக்கு. விற்கிறார்கள், வண்டி ஓட்டுகிறார்கள், முடி வெட்டுகிறார்கள், ஊசி போடுகிறார்கள், யாரோ கேட்பதற்கு யாரோ பதில் சொல்கிறார்கள். இந்தக் கடைசி ரகத்தில்தான் என் மகளின் கணவர் இருக்கிறார். வீட்டிலேயே ஆள் இருக்க, நான் எதற்கு ரயிலேறினேன் என்று தெரியவில்லை.

2

மாப்பிள்ளைக்கு வேலை ஒரு சலவை இயந்திரக் கம்பெனியின் குறைகேட்கும் பிரிவில். பெரிய கூடம், இடுப்பளவுத் தடுப்புகள், ஒவ்வொரு தடுப்பிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடி. சிரித்துக்கொண்டு பேசினால் குரலில் தெரியுமாம், அதற்காக நிர்வாகம் ஒட்டி வைத்தது.

"அங்க என்னதான் வேலை மாப்பிள?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மன்னிப்புக் கேக்கறது மாமா."

"யார் செஞ்ச தப்புக்கு?"

"அதெல்லாம் எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க."

சொந்தக்காரர்கள் விசாரித்தால் மகள் "கம்பெனியில இருக்கார்" என்பாள். அதற்குமேல் யாராவது தோண்டினால் அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். ஒப்பந்த வேலை. இந்த மாதம் நிரந்தரமாக்குவதாக இருந்தது.

(எழுத உட்கார்ந்ததும் எனக்கு இந்தப் பாத்திரத்தின் மேல் சந்தேகம். இவ்வளவு சாதுவான ஆள் கதைக்கு ஆகாது. கோபம் வந்தால் எப்படி இருப்பார் என்று பார்த்தால்தான்

இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. எழுந்துபோய்த் தொலைபேசியை எடுத்தேன்.)

3

வேறு யாராவது எடுத்தால் வைத்துவிடுவது, மறுபடி அடிப்பது. கடைசியில் அவரே சிக்கினார். வாயில் கைக்குட்டை வைத்துக்கொண்டு பேசினேன்.

"உங்க மிஷின் என் சட்டையத் தின்னுடுச்சுய்யா."

"ரொம்ப வருந்தறேன் சார். முழுசாவா சார்?"

"காலர மட்டும் துப்பிடுச்சு."

"வருந்தறேன் சார். ஆள் அனுப்பறோம்."

"ஆள் வந்து என்ன, வயித்தக் கிழிச்சுச் சட்டைய எடுப்பானா?"

"உங்க கஷ்டம் புரியுது சார்."

என்ன சொன்னாலும் புரிகிறது அவருக்கு. ஒரு மனுஷனுக்கு இவ்வளவு புரியலாமா? எனக்குத்தான் கோபம் வந்துவிட்டது.

"உனக்கெல்லாம் சூடு சொரணையே கிடையாதா? உன்னையும் நம்பி ஒருத்தன் பொண்ணு கொடுத்திருக்கான் பாரு!"

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.

"வருந்தறேன் சார்."

"உன் மேலாளரக் கூப்பிடு!"

மேலாளர் வந்தார். "இந்த மாதிரி ஆளையெல்லாம் எப்படிங்க வேலைக்கு வச்சிருக்கீங்க?" என்று கேட்டு வைத்துவிட்டேன். தேவையான சரக்கு கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

* அடிக்குறிப்பு: சட்டை, காலர், வயிறு எல்லாம் ஒத்திகை பார்த்தவை. பெண் கொடுத்த வரி மட்டும் ஒத்திகையில் இல்லை. தானாக வந்தது. தானாக வந்ததால்தான் அதை எழுதக் கை கூசுகிறது.

4

ஞாயிற்றுக்கிழமை இருவரும் சாப்பிட வந்தார்கள்.

"அப்பா, யாரோ ஒரு கிழம் போன் பண்ணி இவர் மேல புகார் கொடுத்திருக்கு" என்றாள் மகள். "நிரந்தரம் பண்றத நிறுத்திட்டாங்க. வர்ற வாரம் விசாரணையாம், வேலையே போனாலும் போகுமாம். அந்த ஆள் நல்லா இருப்பானா?"

"இருக்க மாட்டான்" என்றேன். வாழ்க்கையில் நான் மனதாரச் சொன்ன சொற்களில் அது ஒன்று.

சாப்பிட்டானதும் நான் தட்டுக் கழுவ, மாப்பிள்ளை துடைத்தார். மகள் முன்னறையில் இருந்தாள்.

"மாமா, உங்க குரல் எனக்குத் தெரியாதா?"

குழாயை மூடினேன். பிறகு, பேசுவது வெளியே கேட்குமே என்று திறந்துவிட்டேன்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"சட்டையத் தின்னுடுச்சுன்னப்பவே சந்தேகம். பொண்ணு கொடுத்திருக்கான்னு சொன்னீங்க பாருங்க, அப்ப உறுதியாயிடுச்சு."

"உடனே மேலாளர்கிட்ட சொல்லியிருக்கலாமே, என் மாமனார்தான், விளையாடறார்னு?"

"சொல்லத்தான் எழுந்தேன். கூடமே என்னப் பாத்துச்சு. பொண்ணு கொடுத்தவரே என்னப் பத்தி இப்படிப் பேசறார்னு எப்படி மாமா சொல்றது? அதுக்குப் புகாரே தேவலைன்னு உக்காந்துட்டேன்."

"அவகிட்ட?"

"சொல்லல. நீங்களும் சொல்லிடாதீங்க. அவ உங்கள ரொம்ப உசத்தியா நெனச்சிட்டு இருக்கா."

காய்ந்துபோன தட்டையே அவர் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் பிழைப்பே அதுதான். எந்த மன்னிப்பு பாதித் தரம், எது முழுத் தரம் என்று கேட்டதும் சொல்லிவிடக்கூடியவர். வாயை மூடிக்கொண்டேன்.

5

முடிவு, ஒன்று: விசாரணைக்குப் போய் உண்மையைச் சொல்கிறேன்.

(முடியாது. சொந்தக்காரர்களை விட்டு "தங்கமான பையன்" என்று பாராட்டச் சொன்னவர்கள் அங்கே முன்பு இருந்திருக்கிறார்கள். அதனால் ஊழியரின் உறவினர் பொய்யாக அழைத்தால், ஊழியரின் வேலை போய்விடும் என்று மாப்பிள்ளைக்கே பிறகுதான் தெரிந்ததாம். விதி.)

முடிவு, இரண்டு: இந்தக் கதையை மேலாளர் படித்துக் கண்கலங்கி

(இது டிராக்டரைவிட மோசம்.)

பத்திரிகைக்காரர் இடையில் கூப்பிட்டு, நான்காவதாக அறிவுத் துறை என்று ஒன்றைச் சேர்க்கிறார்கள், ஆராய்ச்சி, எழுத்து எல்லாம் அதில் அடக்கம், "நீங்க அதுலதான் சார் வர்றீங்க" என்றார். கணக்குப் பார்த்தேன். முதல் துறையின் சோற்றைத் தின்றுவிட்டு, இரண்டாம் துறை எனக்குச் செய்தே தராத ஓர் இயந்திரத்துக்காக, மூன்றாம் துறைக்காரரைத் திட்டியிருக்கிறேன். நான்காம் துறையின் உற்பத்தி இதுதான். பிள்ளைகள் குறித்துக்கொள்ளலாம்.

முடிவு, மூன்று: புகாரைத் திரும்பப் பெறுகிறேன். இதற்காக இன்று அழைத்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"தாராளமா வாபஸ் வாங்கலாம் சார். மிஷின் பின்பக்கம் ஒரு நம்பர் ஒட்டியிருக்கும், அத மட்டும் படிங்க."

"புகார் கொடுத்தப்ப யாரும் கேக்கலையேம்மா?"

"கொடுக்கறதுக்கு வேண்டாம் சார். வாபஸ் வாங்கறதுக்குத்தான்."

என் வீட்டில் இருப்பது வேறு கம்பெனி. மகள் வீட்டில் இருப்பது இந்தக் கம்பெனிதான், ஆனால் மாப்பிள்ளை பேரில் இருக்கிறது, அந்த எண்ணைப் படித்தால் உறவு தெரிந்துவிடும். ஓர் எண்ணைப் புளுகிப் பார்த்தேன். அப்படி ஒரு மிஷினே கிடையாது என்றாள். இன்னொன்றைச் சொன்னேன். அது துணி காயவைப்பதாம். காலமெல்லாம் நான் விட்ட சரடுகளை ஓர் ஊரே வாயைப் பிளந்துகொண்டு கேட்டிருக்கிறது. ஒருவர் பிழைப்புக்காக நல்லதாக ஒரு பொய் தேவைப்படும்போது ஓர் எண் வரமாட்டேன் என்கிறது.

"அவசரமில்ல சார், பொறுமையா பாத்துட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன்" என்றாள்.

காதுக்கும் தோளுக்கும் நடுவே அவளை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் ஒரு மிஷின் இருக்கும். என்ன கம்பெனி என்று சொல்ல எனக்கு அனுமதியில்லை; வெள்ளையாக, முன்பக்கம் வட்டக் கதவோடு இருந்தால் போய்ப் பாருங்கள். கொஞ்சம் முன்னால் இழுத்து, தூசியைத் துடைத்தால் எண் தெரியும். நிதானமாகப் படியுங்கள், எனக்குக் காது மந்தம். இப்படிப்பட்ட ஆளுக்கு எதற்குத் தர வேண்டும் என்று தோன்றினால், நியாயம்தான். உட்கார்ந்தே இருங்கள். ஆனால் அவள் மறுபடி "சார், இருக்கீங்களா?" என்கிறாள். குரலில் சிரிப்பு தெரிகிறது.