எவடம் என்று கேட்காத ஹோட்டல்

கிறிஸ்ரோபருக்குச் சீலை உடுக்க வரும். நன்றாகவே வரும். யாழ்ப்பாணத்துக் குருநகரில் படகு எஞ்சின் திருத்துகிற மனிதர் கதவைப் பூட்டிவிட்டுக் கொசுவம் வைத்தால், மனைவி அற்புதராணி தன் கொசுவத்தை அவிழ்த்து மறுபடி வைப்பாள். கலியாணம் முடித்த புதிதில் இதற்காக அவள் அழுதிருக்கிறாள். பிறகு அழுது அலுத்துப்போய், முந்தானை நீளம் காணாது என்று திருத்தம் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

ஐம்பதை நெருங்கும்போது மனிதருக்கு ஓர் ஆசை வந்தது. சீலையோடு நாலு பேர் நடமாடும் இடத்தில் ஒருதரம் நடக்கவேண்டும். அவ்வளவுதான். பூட்டிய அறையில் ஒரே முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கண்ணாடிக்கே சலித்திருக்கும்.

“இஞ்சை காகத்துக்கும் தெரியும் நீங்கள் நீக்கிலாப்பிள்ளையின்ரை மகன் எண்டு,” என்றாள் அற்புதராணி. அது உண்மை. திருநாளில் மாதா சுருவம் ஊர்வலம் போகும்போது தூக்குகிற தோள் அவருடையது. கதை வெளியே வந்தால் அந்தத் தோளை ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். 

ஆகவே கொழும்பு. அதிலும் கசினோ உள்ள ஹோட்டல். இந்த யோசனை அற்புதராணியுடையது.

“அந்தோனியார் கோயிலடி லொட்ஜிலை எங்கடை பங்குக்கோயில் சனம் அரைவாசி நிக்கும். கசினோவிலை ஆர் கண்டாலும் வாய் திறக்க ஏலாது. கண்டன் எண்டு சொல்லுறவன், தான் ஏன் அங்கை போனவன் எண்டும் சொல்லவேணுமெல்லோ?”

பெரிய கோட்டில் வழக்குப் பேசுகிறவர்களுக்குக்கூட மூளை இப்படி ஓடாது. ஆனால் அவளுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. அந்த ஹோட்டலில் யாழ்ப்பாணத்து ஆள் ஒருவரும் வேலை செய்யக் கூடாது.

“சிரிக்கிறவன் சிரிக்கட்டும். அவன் ஆரோ, நாங்கள் ஆரோ. ‘எவடம்’ எண்டு கேக்கிற ஒருத்தன் நிண்டால்தான் ஆபத்து.”

எங்கள் ஆட்களுக்கு அந்தக் கேள்வி ஒரு வியாதி. பிரேதம் தூக்குகிற நேரத்திலும் பக்கத்தில் நிற்பவனிடம் கேட்பார்கள். முதலில் எந்த ஊர், பிறகு ஊரில் எந்த மூலை, பிறகு யாருடைய பிள்ளை. அதற்குமேல் ஒரு மனிதனிடம் ஒளிக்க என்ன இருக்கிறது?

ஞாயிறு பூசை முடிந்து வந்து, போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு இருவரும் இருந்தார்கள். முதல் ஹோட்டலில் ஒரு பெண் கதைத்தாள். விஷயத்தைக் கேட்டதும், இது குடும்பங்கள் தங்குகிற இடம் என்றாள். “நாங்களும் குடும்பம்தான் பிள்ளை, மகளைக் கட்டிக் குடுத்திட்டம்,” என்றாள் அற்புதராணி. தொடர்பு அறுந்துவிட்டது. இரண்டாவது ஹோட்டலில் எல்லாரும் வரலாமாம். ஆனால் வாசலில் ஆண்களை ஆணும் பெண்களைப் பெண்ணும் சோதிப்பார்கள், இவரை யார் சோதிப்பது என்று மனேச்சரைத்தான் கேட்கவேண்டும், மனேச்சர் லீவு.

மூன்றாவது ஹோட்டலில் ஓர் ஆண்குரல். “சொல்லுங்க மேடம்.” சுத்தமான கொழும்புத் தமிழ். அற்புதராணி கணவனைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள்.

“எங்கடை ஆள் ஆம்பிளை. சீலை உடுத்துக்கொண்டு வருவார். ஆராவது பகிடி பண்ணுவினமோ?”

“இங்க எல்லாரும் மேசையத்தான் பார்ப்பாங்க மேடம். ஆளப் பார்க்க நேரமில்ல. ஒண்ணு மட்டும், கசினோவுக்குள்ள ஜென்ட்ஸ் செருப்போட வர ஏலாது. லேடீஸ் வரலாம்.”

“இவர் செருப்போடைதான் வருவார்.”

“சாரி கட்டினா லேடீஸ்தான் மேடம்.”

கிறிஸ்ரோபர் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா என்று அவருக்கே பிடிபடவில்லை.

“அப்ப வாற சனிக்கிழமைக்கு இடம் இருக்கோ?”

“ஓம், கிடக்கு.”

ஓம் என்றான். கிடக்கு என்றும் சொன்னான். இரண்டும் யாழ்ப்பாணத்து வாயில் வருகிற சொல். இந்த இடத்தில் புத்தியுள்ளவள் போனை வைத்திருப்பாள். அற்புதராணிக்கும் புத்தி உண்டு. நாக்கு முந்திவிட்டது.

“தம்பி, நீர் எவடம்?”

கிறிஸ்ரோபர் தலையில் கைவைத்தார்.

“நெல்லியடி அன்ரி.”

“நெல்லியடியிலை எவடம்?”

“சந்தைக்குப் பின்பக்கம்.”

“ஆற்றை பிள்ளை?”

பாவம், அவனுக்கும் அதே வியாதி. கேட்டவுடனே ஒப்புவித்தான். “கனகாம்பிகை ரீச்சற்றை மகன். ஜெயரூபன்.”

“எடேய்! எங்கடை மகள் ஷெரோனுக்குக் கணக்குப் படிப்பிச்ச ரீச்சர்! அண்டைக்கும் ரவுணிலை கண்டனான். மகன் வங்கியிலை எண்டெல்லோ சொன்னவா?”

 பிறகு வந்த குரல் கொழும்பையும் மேடத்தையும் மறந்திருந்தது.

“அன்ரி, அம்மாவுக்குத் தெரியாது. சூதாடுற இடத்திலை நிக்கிறன் எண்டு அறிஞ்சால் அவ உயிரோடை இருக்கமாட்டா. தயவுசெய்து சொல்லிப்போடாதேங்கோ.”

அற்புதராணி போனைக் கையால் மூடினாள். முகமெல்லாம் வெளிச்சம். “குடுமி எங்கடை கையிலை. இனி உவன் வாய் திறக்கான்.”

கிறிஸ்ரோபருக்கு அது பிடிக்கவில்லை. அந்தக் குரலின் நடுக்கம் அவருக்குத் தெரிந்த நடுக்கம். வாழ்நாளெல்லாம் அதோடுதான் கதவைப் பூட்டியிருக்கிறார். போனை வாங்கினார்.

“தம்பி, பயப்பிடாதையும். நாங்கள் ஒருத்தரிட்டையும் சொல்லமாட்டம். சீலை உடுக்கிறது நான்தான். கிறிஸ்ரோபர். குருநகர்.”

ஒருவரும் கேட்கவில்லை. அவராகவே ஊரையும் சொன்னார். மனைவியைத் தவிர உலகத்தில் எவருக்கும் சொல்லாத சொல் நெல்லியடிக்காரன் ஒருவனின் காதுக்குப் போய்விட்டது. அற்புதராணி திறந்த வாய் மூடாமல் இருந்தாள்.

ஜெயரூபன் மூச்சு விடுவது கேட்டது. பிறகு தொண்டையைச் செருமி, வேலைக்குத் திரும்பினான்.

“அப்ப சனிக்கிழமை. ரண்டு அன்ரிக்கும் ஒரே அறையோ?”

 கிறிஸ்ரோபருக்குக் கண் இரண்டும் நிறைந்துவிட்டது. சந்தோசம்தான், வேறொன்றும் இல்லை. அற்புதராணி அவரைப் பார்த்தாள். போனைத் தன் பக்கம் இழுத்தாள்.

“ஓம் தம்பி, ஒரே அறை,” என்றாள். “கட்டிலும் ஒண்டு காணும்.”