சொன்னதில் பாதி

பிள்ளைகளுக்கான காய்ச்சல் மருந்து தயாரிக்கும் கம்பெனியில் கொள்முதல் நாற்காலி அக்காவுடையது. மேனேஜர் முதல் வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் அவள் அக்காதான். பாட்டிலோ மூடியோ அட்டைப்பெட்டியோ, எது குறைந்தாலும் அவள் தலைதான் உருளும். அதனால் ஒரு வழி வைத்திருந்தாள். நூறு தேவை என்றால் இருநூறு கேட்பாள். கேட்டதில் பாதியாவது வந்து சேருமே! வந்தும் சேர்ந்துகொண்டிருந்தது, அப்புறம் என்ன குறை?

துறைமுகத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியது. வெளிநாட்டிலிருந்து வரும் மூடிகள் கப்பலிலேயே சட்டமாக உட்கார்ந்துவிட்டன. மிச்சமிருந்தது அக்காவின் கூடப்பிறந்த தம்பி மட்டும்தான். ஊரின் மறுகோடியில் பிளாஸ்டிக் மூடி வார்க்கும் பட்டறை அவனுடையது. இந்த நேரம் பார்த்துத்தானா மேனேஜர் புது மென்பொருளைக் கொண்டுவந்து இறக்க வேண்டும்? கிடங்கில் எவ்வளவு இருக்கிறது, இன்னும் எவ்வளவு வேண்டும் என்று அதுவே பார்த்து, சப்ளையரின் போனுக்கு நேராக ஆர்டர் அனுப்பிவிடுமாம். அக்கா நடுவில் புகுந்து கூட்டிப்போட வழியே இல்லை.

ஆஸ்பத்திரிக்கு மருந்து போகவேண்டிய கெடு வெள்ளிக்கிழமை என்றார் மேனேஜர். இந்த முறை சறுக்கினால் கொள்முதலை முழுசாக மென்பொருளிடமே விட்டுவிட நிர்வாகம் நினைக்கிறது என்றும் சொல்லிவைத்தார். இந்த வயசில் அக்கா வேறு எந்த நாற்காலியைத் தேடுவாள்?

மென்பொருள் நாற்பதாயிரம் மூடி கேட்டது. வியாழக்கிழமை காலை தம்பியின் வேன் வந்தது. இறக்கிப் பார்த்தால் இருபதாயிரம்தான்.

மேனேஜர் அறையில் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தம்பியைப் பிடித்தார்கள்.

"ஏன்டா பாதி அனுப்பியிருக்கே?" என்றாள் அக்கா.

"நீ கேட்டா அதுல பாதிதானேக்கா வேணும். எப்பவும் அப்படித்தானே அனுப்பறேன்."

"நான் கேக்கலடா. கம்ப்யூட்டர் கேட்டுச்சு."

"அதுவும் உன் ஆபீஸ்லதானே உக்காந்திருக்கு? உன் பழக்கம் அதுக்கும் ஒட்டிக்கிச்சுன்னு நெனச்சேன்."

மேனேஜர் அக்காவைப் பார்த்தார். அக்கா மேஜையைப் பார்த்தாள். வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிட்டது. அதைவிட, இத்தனை வருஷமாகத் தான் சாமர்த்தியம் பண்ணுகிறோம் என்று நினைத்திருக்க, இந்தப் பயல் சத்தமில்லாமல் பாதியாக்கிக்கொண்டே இருந்திருக்கிறான் என்பதுதான் சுருக்கென்றது. கோபமும் வந்தது, வெட்கமும் வந்தது.

மீதியை உடனே வார்த்துக் கொடு என்றாள். தம்பி இழுத்தான். இயந்திரத்தில் இப்போது தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க் கம்பெனியின் மூடி ஓடுகிறதாம். பாதியில் நிறுத்தினால் எண்ணெய்க்காரர் கடுப்பாகி வேறு பட்டறைக்குப் போய்விடுவார். தன்னிடம் இருக்கும் பெரிய ஆர்டர் அது ஒன்றுதான் என்றான்.

"எவ்வளவு வேணும்க்கா?"

"இருபதாயிரம்."

"சரி, நிஜமா எவ்வளவு?"

"இருபதாயிரம்டா."

"அதான், நிஜமா?"

மேனேஜர் ஸ்பீக்கரை அணைக்கக் கை நீட்டினார். வேண்டாம் என்று தடுத்தாள் அக்கா.

"இத்தனை நாளும் ரெட்டிப்பாத்தான் கேட்டேன். நீ கொறைப்பே, லேட் பண்ணுவேன்னு பயம். இது அந்தக் கணக்கு இல்லடா. மருந்து ரொப்பின பாட்டிலெல்லாம் மூடியில்லாம நிக்குது. போகலேன்னா என் வேலை போயிடும்."

அந்தப் பக்கம் இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது. பிறகு அது நின்றது.

"நிறுத்திட்டேன்," என்றான் தம்பி.

போனை வைத்ததும் மேனேஜர் கதவைச் சாத்தினார். தொண்டையைக் கனைத்தார். ஆஸ்பத்திரி கொடுத்த கெடு உண்மையில் திங்கட்கிழமை சாயங்காலமாம்.

"உங்ககிட்ட கெடுவை எப்பவும் முன்னாடி தள்ளித்தான் சொல்வேன்க்கா. அப்பத்தானே நேரத்துக்கு முடியும்," என்று அசடு வழிந்தார்.

அக்கா அவரை எரித்துவிடுவது போலப் பார்த்தாள். அப்புறம் பொத்துக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலி விஷயமும் அப்படித்தானா என்று கேட்டாள். இல்லையாம், அது மட்டும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னதாம். சிரிப்பு அங்கேயே நின்றது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் நாளைக்கே மூடி வந்துவிடும், நாற்காலியும் தப்பிக்கும். தம்பியின் எண்ணெய்க்காரர்தான் போவார். அக்கா ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். தம்பிக்குப் போன் போட்டாள்.

"திங்கட்கிழமை சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்குடா."

"அப்போ செவ்வாயா?"

"திங்கள்டா."

எண்ணெய்க்காரர் வேலையை முடித்துவிட்டு அக்காவுடையதை ஏற்றுவதாகவும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொண்டுவந்து தருவதாகவும் சொன்னான். ஞாயிறு என்றால் ஞாயிறுதானா என்று கேட்க அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. சரி என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்கு லீவு. ஆனாலும் காலையிலிருந்தே அக்கா வாசலில் நின்றாள். காவலாளி போட்ட நாற்காலியில் உட்காரவும் மனசில்லை. மத்தியானம் தாண்டிக்கொண்டிருந்தபோது தம்பியே வேனை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினான். வெயிலில் கறுத்துப்போய் நின்றவளை மேலும் கீழும் பார்த்தான்.

"என்னை நம்பலையாக்கா?"

"நம்பினேன்டா," என்றாள் அக்கா. "பயந்துகிட்டேதான் நம்பினேன்."