மாடி ஏறாத கேசட்

வோலோஸ் துறைமுகத்துப் பின்தெருவில் வீடியோ கடை வைத்திருந்த ஸ்தமாத்தியாவுக்கு ஒரு விஷயம் மட்டும் பிடிபடவேயில்லை. எதிர்க்கடையில் வாடகைக்குப் போனவை வி.எச்.எஸ். கேசட்டுகள், படம் சற்று மங்கல். இவளிடம் இருந்தவை பீட்டா. அளவில் சின்னது, படமோ பளிச்சென்று இருக்கும். ஒன்றுக்கான டெக்கில் மற்றது நுழையாது. சரி, வி.எச்.எஸ். டெக் வைத்திருப்பவர்கள் அங்கே போகட்டும். பீட்டா டெக் வாங்கியவர்கள்கூட ஏன் இவள் கடைக்கு வருவதில்லை?

அந்தக் கேசட்டுகள் ஒவ்வொன்றும் அவள் கணவன் அரிஸ்திதிஸ், அவளுக்கு ஆரிஸ், பார்த்துப் பார்த்துப் பொறுக்கியது. மார்ச்சில் கடை வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவன், எழுந்திருக்கவில்லை. அவற்றைத் தள்ளிவிட்டால் அவனையே விற்ற மாதிரி. வைத்திருந்தாலோ கடையை மூட வேண்டியதுதான்.

துக்க வீட்டுக்குப் பருப்பு சூப் கொண்டுவந்தாள் அடுத்த தெரு பொலிக்ஸேனி.

"அக்கா, உங்ககிட்ட பீட்டா டெக்தானே? கடைப் பக்கமே வர மாட்டேங்கிறீங்க?"

"வித்துட்டேண்டி. கோவிச்சுக்காத."

"படம் சரியா தெரியலையா?"

"சரியாத் தெரியலையா? தக்காளி சிவப்பா, கடல் நீலமா, அப்படித் தெரிஞ்சுது! அதை வச்சு என்ன பண்ண? எங்க கட்டடத்துல வெள்ளிக்கிழமை ஒரு வீட்ல கேசட் எடுப்பாங்க. பாத்துட்டு மேல் வீட்டுக்குக் குடுப்பாங்க, அவங்க அதுக்கும் மேல. திங்கக்கிழமை மாடிப்படியில நின்னு எல்லாரும் அந்தக் கதாநாயகியத் திட்டுவாளுங்க. நான் மட்டும் பேந்தப் பேந்த முழிப்பேன். நான் எடுத்த கேசட் எந்த வீட்டுக்கும் ஏறாது. அவங்ககிட்டெல்லாம் மத்த டெக்."

"ஆரிஸ் ஒரு ராத்திரிக்கு மேல தரவும் மாட்டாரு."

"நல்ல மனுஷன். பிடிவாதம் மட்டும் கழுதைப் பிடிவாதம்," என்று பொலிக்ஸேனி சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

துக்கத்துக்காக டி.வி. போடாமல் இருக்கும் நாற்பது நாள் முடிந்திருந்தது. அன்று மதியம் ஸ்தமாத்தியா ஷட்டரை இறக்கிவிட்டு, அரிஸ்திதிஸ் உயர்த்திப் பேசும் ஒரு படத்தைக் கடை டெக்கில் போட்டாள். திரையில் அலை உடைந்தது; நுரையின் குமிழ்கூடத் தெரிந்தது.

"ஆரிஸ், இங்க பாரேன்," என்று பக்கத்தில் திரும்பினாள்.

நாற்காலி காலியாக இருந்தது. அவள் கறுப்புத் துக்க உடையின் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். படம் தன்பாட்டுக்குப் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது.

கூடப் பார்க்க ஆள் இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல படமும் இவ்வளவுதான்.

மறுவாரம் பீட்டா முழுவதையும் வந்த விலைக்குக் கொடுத்தாள், ஒன்றைக்கூட எடுத்து வைக்கவில்லை. மேல் வீட்டில் எந்த டெக் இருக்கிறதோ, அதையே கீழ் வீடும் வாங்கும். வீடுகளில் எது அதிகமோ, அதற்கான கேசட்டையே கடை அடுக்க வேண்டும். கடையில் அது நிறைய இருப்பதால் அடுத்த வீடும் அதையே வாங்கும். ஆகவே அலமாரி முழுக்க வி.எச்.எஸ். அடுக்கினாள். வெள்ளிக்கிழமை எடுத்துப்போனால் திங்கட்கிழமை திருப்பித் தரலாம், வாடகை ஒரு ராத்திரிக்கு உள்ளதுதான் என்றாள். வாடகைக்கு ஆட்கள் வந்தார்கள்.